குழந்தைகளைக் காத்தலும் திருத்தொண்டே

(திருக்கோயில்களில் சிறார் வகுப்பு நடத்தும் தொண்டர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சிவாலயத்தை வலம்வரும் அன்பர்கள், கருவறையின் வடபால் கோமுகிக்கு அருகே எழுந்தருளியிருக்கும் சண்டிகேசுவரர் திருமுன் சற்றே நின்று, மெல்லக் கைகளைத் தட்டிக் காட்டிவிட்டுச் செல்வது வழக்கம். சிவன் சொத்து எதனையும் எடுத்துச் செல்லவில்லை என்று கணக்குக் காட்டும் குறிப்பு அது எனப் பெரியோர் பொருள் கூறுவர். சோழப் பேரரசர் காலத்தில் திருக்கோயில் நிலங்களை விற்றலும் வாங்கலும் ஆதிசண்டேசுவரர் திருப்பெயராலேயே நிகழ்ந்தன என்பதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. அத்துணைப் பெரிய பொறுப்பினை ஏற்றிருக்கும் அப்பெருமான், அப்பதவியைப் பெற்றபொழுது ஒரு சிறுவர் என்பதும், தம் சொல்லை எவரும் கேளாத நிலையில் அடிபட்டவர் என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கன.

திருக்கோயிலின் கணக்கினைக் காப்பவர் ஒரு பிள்ளை. அவ்வாறாயின் திருக்கோயிலுக்கு வரும் பிள்ளைகளின் கணக்கினைக் காப்பவர் யாவர்? இன்றைய சிந்தனைக்கு உரிய பொருள் இதுவேயாகும்.

உண்டியலுக்கு உள்ள ஒழுங்கு

இன்று தமிழகத்தின் ஊர்கள் பலவற்றிலும் ஞாயிறு தோறும் தேவார வகுப்பு நடைபெறுகின்றது. மார்கழியில் திருப்பாவை, திருவெம்பாவைப் போட்டிகளுக்குப் பிள்ளைகள் பயிற்றுவிக்கப்படுகின்றனர். உழவாரப்பணிக் குழுக்களில் இளைஞர்களும் சிறார்களும் திரளாகப் பங்கேற்கின்றனர். இவற்றை நடத்துபவர்களுள் பெரும்பாலோர் ஊதியம் கருதாத தொண்டர்கள். தங்கள் ஓய்வு நாளையும் கைப்பொருளையும் செலவிட்டுப் பிள்ளைகளுக்குப் பண்ணோடு பாடக் கற்றுத்தரும் அவர்தம் பணி போற்றுதற்குரியது.

ஆயினும் ஊதியம் பெறாத பணி என்பதாலேயே அங்கு விதிமுறை எதுவும் வேண்டாம் என்ற எண்ணம் பல இடங்களில் வேரூன்றியுள்ளது. வருகைப் பதிவேடு இல்லை. பொறுப்பாளர் இன்னார் என்ற வரையறை இல்லை. புதிதாக வந்த தொண்டர் எங்கிருந்து வந்தார் என வினவுவார் இல்லை. “சாமி காரியம், நம்பிக்கைதான் முக்கியம்” என்று கூறி அமைவர்.

உண்டியல் திறக்கும் நாளை நினைத்துப் பார்த்தல் நலம். அலுவலர்கள் முன்னிலையில் முத்திரை சரிபார்க்கப்பட்டுப் பூட்டுத் திறக்கப்படுகின்றது. பலரும் காணத் திறந்த மண்டபத்தில் தொண்டர்கள் வரிசையாக அமர்ந்து காணிக்கையை எண்ணுகின்றனர். பெரிய திருக்கோயில்களில் கேமராக்களும் பொருத்தப்பட்டுள்ளன. எவரும் தனி அறையில் தனியே அமர்ந்து எண்ணுவதில்லை. இதனால் தம் பக்தியை ஐயுற்றார்கள் என்று எந்தத் தொண்டரும் மனம் வருந்துவதில்லை. நேர்மையாளருக்கு இவ்வொழுங்கே அரண் என்பதை அவர்கள் அறிவர். காணிக்கைக்கு இத்தனை காவல் வைத்தவர்கள், பெற்றோர் ஒப்படைத்துச் செல்லும் பிள்ளைக்குக் காவல் வையாதிருத்தல் முறையாகுமா?

தீங்கு எவரால் வருகின்றது?

பிள்ளைகளுக்குத் தீங்கு செய்பவர் முன்பின் அறியாத அயலார் என்பதே பொதுவான எண்ணம். நடுவண் அரசின் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டிற்று. 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் வினவிய அவ்வாய்வில், 53.22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகையில் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகத் தெரிவித்தனர். அவ்வாறு தெரிவித்தவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் ஆண் பிள்ளைகள். தீங்கிழைத்தவர்களுள் பாதிப்பேர் பிள்ளைக்கு நன்கு அறிமுகமானவர்கள், அல்லது பிள்ளையின் நம்பிக்கைக்கும் பொறுப்புக்கும் உரிய இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான பிள்ளைகள் அதனை எவரிடமும் கூறவில்லை என்பதும் அவ்வாய்வு தரும் செய்தி.

அத்தகையோர் முதல் நாளிலேயே தீங்கு செய்வதில்லை. பெற்றோரின் நன்மதிப்பை முதலில் பெறுவர். பின்னர் ஒரு பிள்ளையை மட்டும் தனித்துப் பாராட்டுவர். தின்பண்டமும் பரிசும் தருவர். தம் வண்டியில் வீட்டிற்கு அழைத்துச் செல்வதாகக் கூறுவர். இரவு வேளையில் கைப்பேசியில் செய்தி அனுப்புவர். “அம்மாவிடம் சொல்லாதே” என்று சிறுசிறு செய்திகளை மறைக்கப் பழக்குவர். இவற்றுள் ஒன்றிரண்டைத் தூய அன்பினால் செய்யும் நல்லோரும் உண்டு. உள்ளத்தை எவராலும் அளத்தற்கு இயலாது. செயலை வரையறுத்தல் இயலும். ஆதலால் இன்னார் நல்லவர், இன்னார் தீயவர் என ஆராய்ந்துகொண்டிராமல், இச்செயல்களை எவரும் செய்யலாகாது என்று அனைவருக்கும் பொதுவாக விதித்தலே அறிவுடைமை.

திருமுறை வகுப்பில் இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. குருவைத் தெய்வமாக மதிக்கக் கற்பிக்கப்பட்ட பிள்ளை, ஆசிரியர் செய்வது தவறென்று எண்ணவே அஞ்சும். பதிகம் கற்பித்தவரே தீங்கும் இழைத்தால், அப்பதிகத்தைக் கேட்கும்போதெல்லாம் அத்துயரம் வாழ்நாள் முழுதும் அப்பிள்ளையின் நெஞ்சில் எழும். உடலுக்கு இழைத்த தீங்கோடு, இறைவனிடம் சென்று ஆறுதல் பெறும் வழியையும் அடைத்துவிடும் பெருங்கொடுமை அது.

பிற நாடுகள் கற்ற பாடம்

தொண்டர்களால் நடத்தப்பெறும் சிறார் அமைப்புகள் உலகெங்கும் உள்ளன. அவற்றுள் சில, காலம் தாழ்த்திக் கற்ற பாடம் இங்கும் பயன்படும். அமெரிக்க நாட்டின் சாரணர் அமைப்பு, பிள்ளைகளிடம் தகாதவாறு நடந்த தொண்டர்களைப் பற்றிய கோப்புகளைப் பல்லாண்டுகள் வெளியே தெரியாதவாறு வைத்திருந்தது. 1965 முதல் 1985 வரையிலான 1,200க்கும் மேற்பட்ட கோப்புகள் நீதிமன்ற ஆணையால் 2012ஆம் ஆண்டு வெளிவந்தன. காவல் துறையிடம் கூறாமல், ‘அமைப்பின் பெயர் கெட்டுவிடும்’ என்று அமைதியாக விலக்கிவைத்த நிகழ்வுகள் அவற்றுள் பல. இழப்பீட்டு வழக்குகளைத் தாங்க இயலாமல் அவ்வமைப்பு 2020ஆம் ஆண்டு நொடிப்பு நிலை அறிவித்தது. அதன்பின் தீங்குற்றதாக முறையிட்டோர் 82,000க்கும் மேற்பட்டோர். பெயரைக் காக்க மறைத்தவர்கள் பெயரையும் இழந்தனர், பிள்ளைகளையும் காக்கவில்லை.

ஆஸ்திரேலியாவில் அரசு அமைத்த ஆணையம் 2013 முதல் 2017 வரை பள்ளிகள், சமய அமைப்புகள், விளையாட்டுக் கழகங்கள் அனைத்தையும் ஆராய்ந்தது. 8,000க்கும் மேற்பட்டோர் தங்கள் துயரத்தை அதனிடம் நேரில் கூறினர். அவ்வாணையம் விசாரித்தவற்றுள் ஒரு யோக ஆசிரமமும் இருந்தது. எந்தச் சமயமும் எந்த நிறுவனமும் இதற்கு விலக்கன்று என்பதே அதனால் விளங்கும் உண்மை.

கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்குகள்

முதலாவது, ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் பிறர் காணாத இடத்தில் தனித்திருக்கும் நிலை எக்காலத்தும் நேரலாகாது. வகுப்பில் எப்பொழுதும் பொறுப்பாளர் இருவர் இருத்தல் வேண்டும். பெண் பிள்ளைகள் பயிலும் வகுப்பில் அவருள் ஒருவர் பெண்ணாக இருத்தல் நன்று. திறந்த மண்டபமே வகுப்புக்கு உரிய இடம். பொருள் வைப்பறை, மடைப்பள்ளியின் பின்கட்டு, பூட்டிய அறை ஆகியன ஆகா. இரண்டாமவர் வரவில்லையெனில் பெற்றோர் ஒருவரை உடன் அமர்த்திக்கொள்ளலாம். அதுவும் இயலாதாயின் அன்றைய வகுப்பை நிறுத்திவிடலாம்.

இரண்டாவது, தொண்டரைச் சேர்க்கும் முறை. பெயர், முகவரி, அடையாளச் சான்று ஆகியவற்றைப் பதிதலும், முன்னர்ப் பணியாற்றிய இடத்தில் வினவுதலும் வேண்டும். பிள்ளைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்கள் தம் பணியாளர்களைப் பற்றிக் காலமுறைப்படி காவல் துறைச் சரிபார்ப்புச் செய்தல் வேண்டும் என 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள் கூறுகின்றன. ஊதியம் பெறுபவருக்கு உரிய அம்முறையை ஊதியம் பெறாத தொண்டருக்கும் கைக்கொள்ளுதலே பொருத்தம். புதியவர் சில திங்கள் மூத்த தொண்டரோடு இணைந்தே பணியாற்றுதல் நலம்.

மூன்றாவது, பதிவேடு. பிள்ளையின் பெயர், பெற்றோர் தொலைபேசி எண், அழைத்துச் செல்ல உரியவர் யார் என்பன அதில் இருத்தல் வேண்டும். வகுப்புத் தொடங்கும்போதும் முடியும்போதும் பிள்ளைகளை எண்ணுதல் வேண்டும். பெற்றோர் வரும்வரை பிள்ளையைத் தனியே விடுதலும், ‘தெரிந்தவர்தான்’ என்று எவருடனோ அனுப்புதலும் கூடா.

நான்காவது, கைப்பேசி. வகுப்புச் செய்திகள் பெற்றோருக்கே செல்லுதல் வேண்டும். பிள்ளைக்குத் தனியே செய்தி அனுப்புதலும், தனியே படம் எடுத்தலும் விலக்கத்தக்கன. விழா மேடைக்கு ஒப்பனையும் உடை மாற்றமும் தேவைப்படின் அப்பொறுப்பு தாய்மாருக்கு உரியது.

ஐந்தாவது, வெளியூர்ப் பயணம். உழவாரப்பணிக்கோ தலயாத்திரைக்கோ செல்லும்போது பெற்றோரின் எழுத்து வழி இசைவு வேண்டும். பெற்றோர் சிலர் உடன் செல்லுதல் வேண்டும். பிள்ளைகள் உறங்கும் அறையில் பெற்றோர் அல்லாத பெரியவர் எவரும் உடன் உறங்கலாகாது.

ஆறாவது, இடத்தின் காவல். திருப்புக்கொளியூர் அவிநாசியில் ஐந்து வயதுச் சிறுவர் இருவர் மடுவில் நீராடச் செல்ல, ஒருவனை முதலை கொண்டதும், பின்னாளில் சுந்தரமூர்த்தி சுவாமிகள் அப்பிள்ளையை மீட்டுத் தந்ததும் அன்பர்கள் அறிந்ததே. மகனை இழந்த இல்லத்தில் எழுந்த அழுகையொலி சுவாமிகளின் செவியில் பட்டது. அந்த அழுகை மற்றோர் இல்லத்தில் எழாதவாறு காத்தல் தொண்டர் கடன். குளத்தில் இறங்கித் தூர் எடுத்தல், கோபுரத்தில் ஏறிச் செடி அகற்றுதல், மின்கம்பி அருகே பணி செய்தல் ஆகியவற்றில் சிறாரை ஈடுபடுத்தலாகாது. 2004ஆம் ஆண்டு சூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் பள்ளிச் சமையலறையில் பற்றிய தீ கூரைக்குப் பரவி 94 பிள்ளைகளைக் கொண்டது. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் தஞ்சாவூருக்கு அருகிலுள்ள களிமேட்டில், அப்பர் சதய விழாத் தேர் மின்கம்பியில் உரசியதில் சிறுவர்கள் உட்பட 11 பேர் உயிரிழந்தனர். ஓலைப்பந்தல், அடுப்பு, மின்கம்பி, ஒரே ஒரு குறுகிய வாயில் ஆகியவற்றை முன்கூட்டியே பார்த்து வைத்தலும் வழிபாட்டின் பகுதியே.

பிள்ளை வாய் திறக்கும்போது

பெரிய புராணத்தில் சேக்கிழார் பெருமான் இரண்டு தந்தையரைக் காட்டுகின்றார்.

திருச்சேய்ஞலூர் எச்சதத்தனின் மகன் விசாரசருமர். ஆநிரையை மேய்ப்பவன் அடிப்பது கண்டு பொறாது, தாமே மேய்க்கத் தொடங்கியவர். மண்ணியாற்றின் கரையில் மணலால் இறைவன் திருமேனி அமைத்து, பசுக்கள் தாமே பொழிந்த பாலால் நீராட்டி வழிபட்டார். உரியவர் இல்லங்களில் பால் சிறிதும் குறையவில்லை. ஆயினும் பாலை வீணாக்குகின்றான் என எவனோ கூறிய சொல்லை ஊரார் நம்பினர். தந்தை மறைந்திருந்து பார்த்தார், வினவவில்லை, கோலால் அடித்தார். அதன்பின் நிகழ்ந்தது அனைவரும் அறிந்தது. இறைவன் அச்சிறுவரைத் தம் மகனாகவே ஏற்றுச் சண்டீச பதம் அளித்தான்.

மற்றொருவர் சீகாழிச் சிவபாத இருதயர். மூன்று வயது மகனைக் குளக்கரையில் அமர்த்தி நீராடி எழுந்தவர், பிள்ளையின் வாயில் பால் கண்டு சினந்தார், கோலும் ஓங்கினார். ஆயினும் அடிக்குமுன் “பால் தந்தவர் யார்?” என்று வினவினார். பிள்ளை கைகாட்டிக் கூறிய விடையைச் செவிமடுத்தார். ஓங்கிய கோலைத் தாழ்த்தினார். உலகிற்குத் திருஞானசம்பந்தர் கிடைத்தார்.

ஒருவர் கேளாமல் அடித்தார். ஒருவர் கேட்டு நின்றார். பெற்றோருக்கும் தொண்டருக்கும் வேண்டிய பாடம் இவ்விரண்டினுள் அடங்கியுள்ளது.

ஆர்வத்தோடு வகுப்புக்கு வந்த பிள்ளை திடீரென வர மறுக்கலாம். ஒருவர் பெயரைக் கேட்டதும் முகம் வாடலாம். இரவில் அலறி எழலாம். ‘சோம்பல்’ என்று அதட்டாமல் அமைதியாக வினவுதல் வேண்டும். பிள்ளை கூறத் தொடங்கினால் குறுக்கிடாது கேட்டல் வேண்டும். “நீ சொன்னது நல்லது, தவறு உன்மீது இல்லை” என்று தேற்றுதல் வேண்டும். மீண்டும் மீண்டும் துருவிக் கேட்டலும், குற்றம் சாட்டப்பெற்றவர் முன் நிறுத்திக் கேட்டலும், கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்யச் சொல்லுதலும் பிள்ளைக்கு இழைக்கும் இரண்டாம் கொடுமையாகும்.

அதன்பின் செய்ய வேண்டுவது சட்டத்தில் தெளிவாக உள்ளது. 2012ஆம் ஆண்டு நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போக்சோ சட்டம், 18 வயது நிறையாத ஆண், பெண் பிள்ளைகள் அனைவருக்கும் உரியது. இத்தகைய குற்றம் நிகழ்ந்ததை அறிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவித்தல் கட்டாயம். தெரிவியாதிருத்தலே தண்டனைக்குரிய குற்றம். தம்மின்கீழ்ப் பணிபுரிபவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையும் உண்டு. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மீது வழக்குத் தொடர இயலாது. சமய நிறுவனத்தின் நிருவாகத்திலோ பணியிலோ இருப்பவர் அங்குள்ள பிள்ளைக்கு இக்குற்றம் இழைத்தால் அதனைக் கடுங்குற்றமாகவே சட்டம் கொள்கின்றது. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத காவலரே பெறுதல் வேண்டும். எக்காரணத்தாலும் பிள்ளையை இரவில் காவல் நிலையத்தில் வைத்தல் கூடாது.

1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை நாளின் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். பிள்ளையே அழைத்தும் பேசலாம். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி முடித்தலும், “விழா முடியட்டும்” என ஒத்திவைத்தலும், அத்தொண்டரை வேறோர் ஊர்க் குழுவிற்கு அனுப்பிவைத்தலும் அறமன்று. அவ்வூரிலும் பிள்ளைகள் உள்ளனர். பிள்ளையின் பெயரையும் குடும்பத்தையும் பிறர் அறியாதவாறு காத்தலும் கடமையாகும்.

இரு ஐயங்களுக்கு விடை

“பழி வீணாக வந்தால் நல்ல தொண்டரின் நிலை என்ன?” என்று வினவுவோர் உண்டு. எப்பொழுதும் இருவர் இருந்து, திறந்த மண்டபத்தில் வகுப்பு நடத்தி, பதிவேடு எழுதியவருக்கு அவ்வொழுங்கே சாட்சியாக நிற்கும். ஒழுங்கில்லாத இடத்தில்தான் நல்லவரும் தம் நேர்மையை நிறுவ வழியின்றித் தவிப்பர்.

“திருக்கோயிலின் பெயருக்குக் களங்கம் வாராதோ?” என்பது மற்றொரு வினா. திருநாவுக்கரசு சுவாமிகள் உழவாரப் படை ஏந்தியது புல்லையும் முள்ளையும் செதுக்கி அடியார் நடக்கும் வழியைத் தூய்மை செய்தற்கே. முள்ளின்மீது பூவைத் தூவி மூடுதல் உழவாரம் ஆகாது. காலில் முள் தைத்த பிள்ளை அழும்போது, முள்ளை எடுப்பதே தொண்டு.

பெற்றோர் கடமை

வகுப்பில் விட்டவுடன் கடமை முடிந்தது எனப் பெற்றோர் கருதலாகாது. வாரம் ஒருவராயினும் முறைவைத்து உடன் அமர்தல் வேண்டும். “இன்று என்ன பதிகம் கற்றாய்?” என்று கேட்பதோடு, “யார் வந்திருந்தார்கள்? மகிழ்ச்சியாக இருந்தாயா?” என்றும் கேட்டல் வேண்டும். பெரியோரை மதிக்கக் கற்பிக்கும்போதே, தன் உடலைத் தகாதவாறு தொடவோ அம்மாவிடம் மறைக்கச் சொல்லவோ எந்தப் பெரியவருக்கும் உரிமையில்லை என்பதையும் கற்பித்தல் வேண்டும். அதனை மறுத்துரைத்தல் குருத் துரோகமாகாது என்பதைப் பிள்ளை தெளிவாக அறிதல் வேண்டும்.

ஒவ்வொரு திருக்கோயிலிலும் வகுப்பு நடத்துவோர் இத்திங்களே ஒரு பதிவேடு தொடங்கலாம்; இரண்டாம் பொறுப்பாளரைத் தேடிக்கொள்ளலாம்; 1098 என்ற எண்ணைப் பிள்ளைகளின் கண்ணில் படுமாறு மண்டபத் தூணருகே எழுதி வைக்கலாம். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. வகுப்புக்கு வந்த பிள்ளைகள் அத்தனை பேரும் வந்தபடியே மகிழ்ச்சியோடு இல்லம் திரும்பினர் என்று நாள்தோறும் கூற இயலுமாயின், அதுவே கணக்குக் காக்கும் சண்டீசப் பெருமான் உவந்து ஏற்கும் கணக்காகும்.

பிள்ளைகள் அச்சமின்றிப் பாடும் திருமுறை ஒலி எல்லாத் திருக்கோயில்களிலும் ஓங்குக! அதற்கு எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணைநிற்பதாகுக!

திருச்சிற்றம்பலம்